தெளிந்த நீரும் அடிச்சேறும்: செம்பரம்பாக்கத்தில் உலோகத்தை எங்கே தேடுவது?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 10,300 கோடி. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, ஒரு லிட்டர் நீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டையும் பெருக்கினால் சுமார் 1,030 கிலோ வருகிறது. நிரம்பி நிற்கும் ஏரியில் ஒரு டன் ஈயம் முழுதாகக் கரைந்தால் ஏரி முழுவதும் வரம்பைத் தொட்டுவிடும் என்று பொருள். பாதரசத்துக்கு இதே கணக்கைப் போட்டால் வெறும் 103 கிலோதான். கேட்கவே அச்சமூட்டும் கணக்கு இது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகின் சராசரிக் களிப்பாறையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம் ஈயம் இயற்கையாகவே இருக்கிறது என்று 1961இல் துரேக்கியனும் வெடபோலும் தொகுத்த பட்டியல் சொல்கிறது. ஏரி வண்டலும் ஏறத்தாழ அப்படியே என்று வைத்துக்கொண்டால், ஐந்து சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் படிந்த காய்ந்த வண்டலிலேயே அந்த ஒரு டன் ஈயம் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் பரப்பு அதைவிடச் சில மடங்கு பெரிது. வண்டலின் கனமும் ஒரு சென்டிமீட்டரோடு நிற்பதில்லை. இத்தனை ஈயத்தின் மேல் நின்றும் நீர் நஞ்சாகவில்லை என்றால், அந்த ஈயம் கரையாத வடிவில் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே ஏரியில் உலோகம் எவ்வளவு என்ற கேள்வியைத் தனியே கேட்பதில் பயன் குறைவு. எந்தச் சேர்மமாக இருக்கிறது, எந்த நிலையில் அது கரையும் என்று கேட்க வேண்டும். உப்புகளின் கரைதிறன் பற்றிய பழைய அறிவுக்கு இன்று உள்ள இடம் அங்கேதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்விக்குச் செம்பரம்பாக்கம் பொருத்தமான களம். பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாயில் வரும் நீர் ஒருபுறம்; மழைக்காலத்தில் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பி வழிந்து வந்து சேரும் உபரிநீர் மறுபுறம். இந்த இரண்டாவது நீர் வரும் நிலப்பரப்பில்தான் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் சிப்காட் வளாகங்கள் இருக்கின்றன. தெற்கே ஒரகடமும் வல்லம் வடகாலும். எல்லா வளாகங்களின் வடிகாலும் ஏரிக்குள் வந்து விழுகிறது என்று சொல்ல முடியாது. நிலத்தின் சரிவு அப்படி எளிமையானதல்ல. ஆனால் கார், இருசக்கர வாகனம், மின்னணுக் கருவி, கண்ணாடி என்று இத்தனை தொழில்கள் சூழ்ந்த ஓர் ஏரியிலிருந்து, 2007 முதல், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. நிக்கல், துத்தநாகம், குரோமியம், செம்பு ஆகிய சொற்கள் இங்கே பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை.

பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ‘சால்ட்’ என்றே அழைக்கும் உப்புப் பகுப்பாய்வு, கரைசலில் இருக்கும் உலோக அயனியை ஆறு தொகுதிகளாகப் பிரித்துத் தேடுகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் வெள்ளி, ஈயம், மெர்குரஸ் வீழ்படிவாகும். அமிலம் இருக்கும்போதே ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் செம்பு, காட்மியம் போன்றவை விழும். அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்தால் இரும்பு, குரோமியம், அலுமினியம். அம்மோனியா கலந்த கரைசலில் மீண்டும் சல்பைடு என்றால் துத்தநாகம், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ். பிறகு கார்பனேட்டில் பேரியம் குடும்பம். எதற்கும் அசையாமல் கடைசியில் மக்னீசியம். 1841இல் கார்ல் ஃபிரெசீனியஸ் வெளியிட்ட பண்பறி பகுப்பாய்வு நூல் இந்த ஒழுங்கை ஆய்வகங்களில் நிலைநாட்டியது. 1937இல் வந்த வோகலின் நூல் தலைமுறை தலைமுறையாக இந்தியக் கல்லூரி ஆய்வகங்களின் மேசையில் கிடந்தது. இந்த அட்டவணையை மனப்பாடச் சடங்கு என்று பலர் இகழ்வது வழக்கம். அதன் உள்ளிருக்கும் சிந்தனை உண்மையில் நுட்பமானது. மூன்றாம் தொகுதியில் அம்மோனியாவுக்கு முன்னால் அம்மோனியம் குளோரைடை ஏன் சேர்க்கிறோம்? பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அயனியின் அளவை அடக்கி வைக்கத்தான். அடக்கி வைத்தால், மிகமிகக் குறைவாகக் கரையும் இரும்பு, அலுமினியம், குரோமிய ஹைட்ராக்சைடுகள் மட்டும் விழும். ஓரளவு கரையக்கூடிய மக்னீசியம் மேலே தங்கும். இரண்டாம் தொகுதியில் அமிலம் இருப்பதும் சல்பைடு அயனியை அடக்கவே. 1889இல் நெர்ன்ஸ்ட் கரைதிறன் பெருக்கம் என்ற கருத்தை வகுப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, கைப்பழக்கத்தால் எட்டப்பட்ட ஒழுங்கு இது.

ஆனால் இந்த ஒழுங்கு எங்கே தோற்கிறது என்பதையும் அதே அட்டவணை காட்டிக்கொடுக்கிறது. ஈயம் முதல் தொகுதியிலும் வரும், இரண்டாம் தொகுதியிலும் வரும். குளிர்ந்த நீரில் ஈயக் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கரைகிறது. கொதிநீரில் அதைப்போல மூன்று மடங்கு. எனவே முதல் தொகுதியில் வீழ்படிவை வடிகட்டி எடுத்த பிறகும் வடிநீரில் கணிசமான ஈயம் தப்பிப் போய், அடுத்த தொகுதியில் கறுப்புச் சல்பைடாகத் தலைகாட்டும். மாணவர் இதை ஒரு விதிவிலக்காகப் படித்துத் தாண்டிப் போகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விதிவிலக்கே அல்ல. ஈய சல்பேட்டைக் ‘கரையாத’ உப்பு என்று பட்டியலிடுகிறோம். அது 25 பாகையில் லிட்டருக்குச் சுமார் 42 மில்லிகிராம் கரையும். அதில் ஈயம் மட்டும் 29 மில்லிகிராம். இதைக் குடிநீர் வரம்பால் வகுத்தால் 2,900 மடங்கு வித்தியாசம். ஆய்வகத்தில் வெள்ளைத் தூளாகக் கண்ணுக்குத் தெரிந்து, ‘ஈயம் உறுதி’ என்று நோட்டில் எழுதப்படும் வீழ்படிவுக்கு மேலே நிற்கும் தெளிந்த நீர், குடித்தால் ஆளைக் கெடுக்கும் நீர். வீழ்படிவு தோன்றாத நீரில் உலோகம் இல்லை என்று முடிவு கட்ட இந்த முறைக்கு அருகதை கிடையாது. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் பேசும் சட்டத்துக்கும், சோதனைக்குழாயில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய தூளுக்கும் இடையே உள்ள பள்ளம் அவ்வளவு ஆழம். சி.பி.எஸ்.இ. செய்முறைப் பாடத்திட்டத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு: கரையாத உப்புகள் விலக்கப்பட்டவை. நேர வசதிக்காக வைத்த விதிதான். ஆனால் ஏரிப் படுகையில் கிடக்கும் உலோகம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த விலக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது.

இங்கே எழும் முதல் மறுப்பு எதிர்பார்க்கக்கூடியது. சோதனைக்குழாய்க் காலம் முடிந்துவிட்டது. 1955இல் ஆலன் வால்ஷ் அணு உறிஞ்சல் நிறமாலை முறையை முன்வைத்த பிறகு, 1980களில் ஐ.சி.பி.-எம்.எஸ். எனப்படும் நிறை நிறமாலைக் கருவிகள் சந்தைக்கு வந்த பிறகு, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே எழுபது தனிமங்களைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாமே, கரைதிறனைப் பற்றி யாருக்கு என்ன கவலை என்பது அந்த மறுப்பு. கருவியின் ஆற்றலில் சந்தேகம் இல்லை. ஆனால் கருவி தனக்கு ஊட்டப்பட்டதைத்தான் அளக்கும். எதை ஊட்டுவது என்பதைக் கரைதிறன்தான் முடிவு செய்கிறது. ஏரியில் எடுத்த நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்துவிட்டு, பிறகு நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். 2க்குக் கீழே இறக்கினால் கிடைப்பது ‘கரைந்த’ உலோகம். வடிக்காமல் அமிலமிட்டுச் சூடாக்கிச் செரித்தால் கிடைப்பது ‘மொத்த’ உலோகம். வரிசையை மாற்றி, முதலில் அமிலத்தை ஊற்றிவிட்டுப் பிறகு வடித்தால், மிதக்கும் களிமண் துகளில் ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து ‘கரைந்த உலோகம்’ என்ற பெயரில் அறிக்கையில் ஏறிவிடும். அமிலமே சேர்க்காமல் பாட்டிலை இரண்டு நாள் வைத்தால் எதிர்த்திசைப் பிழை: இரும்பு ஆக்சிஜனேறி ஹைட்ராக்சைடாகப் படியும், ஈயமும் செம்பும் அதில் ஒட்டிக்கொண்டு பாட்டிலின் சுவரில் தங்கிவிடும், பல லட்சம் ரூபாய்க் கருவி சுத்தமான நீர் என்று சான்றளிக்கும். மழைக்குப் பின் கலங்கிய நீரில் இந்த எண்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கும். எந்த எண்ணைக் கேட்கிறோம் என்று தெரியாதவருக்குக் கருவியின் ஐந்தாவது தசமத் துல்லியத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கரைதிறன் இந்தத் தொழிற்பட்டையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். கார் உடற்கூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் செய்யும் பாஸ்பேட் பூச்சையே எடுத்துக்கொள்வோம். துத்தநாகம், நிக்கல், மாங்கனீஸ் கலந்த பாஸ்பேட் கரைசல் பி.எச். 3 அளவில் தெளிவாக இருக்கும். எஃகுத் தகடு உள்ளே இறங்கியதும் அமிலம் இரும்பை அரிக்கிறது. அதனால் தகட்டை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. அந்த நொடியில் துத்தநாகப் பாஸ்பேட்டின் கரைதிறன் எல்லை மீறப்பட்டு, படிகங்கள் தகட்டின் மேலேயே விளைகின்றன. தொட்டி முழுவதும் படியாமல் தகட்டில் மட்டும் படியும்படி கரைதிறனின் விளிம்பில் ஒரு கரைசலை நிறுத்தி வைப்பதுதான் இத்தொழிலின் சாமர்த்தியம். அரித்து வந்த இரும்பு ஆக்சிஜனேறி, இரும்புப் பாஸ்பேட் கசடாகத் தொட்டியின் அடியில் சேர்கிறது. தகட்டைக் கழுவிய நீரில் துத்தநாகமும் நிக்கலும் போகின்றன. சில ஆலைகள் சிர்கோனியம் சார்ந்த மெல்லிய பூச்சுக்கு மாறுவதற்கு இந்தக் கசடும் நிக்கலும் ஒரு காரணம்.

கழுவுநீர் போய்ச் சேரும் இடம் ஆலையின் இ.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அங்கே நடப்பது சோதனைக்குழாய் வேதியியலின் பெரிய பதிப்பு: சுண்ணாம்போ காரமோ சேர்த்து உலோகங்களை ஹைட்ராக்சைடாகப் படிய வைப்பது. இங்கே நிக்கலின் கணக்கு பார்க்கத் தக்கது. நிக்கல் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கத்தை 5.5 × 10⁻¹⁶ என்று கொண்டால் (இந்த மாறிலி கைநூலுக்குக் கைநூல் சற்று மாறும்), பி.எச். 8இல் லிட்டருக்கு 32 மில்லிகிராம் நிக்கல் கரைந்து நிற்கலாம், பி.எச். 9இல் 0.3, பி.எச். 10இல் 0.003. பி.எச்.சில் ஒரு படி ஏறினால் கரைதிறன் நூறில் ஒரு பங்காகிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் பொதுத் தரப்படி, நீர்நிலையில் விடும் கழிவுநீரில் நிக்கல் 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், பி.எச். 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். நிக்கலை நன்றாகப் படிய வைக்க 10ஐத் தாண்ட வேண்டும். வெளியே விட 9க்குள் வர வேண்டும். இடையில் படிந்ததை முழுக்கப் பிரித்தெடுக்காமல் அமிலமிட்டால் படிந்தது மீண்டும் கரையும். குரோமியமும் துத்தநாகமும் ஈரியல்புடையவை. குரோமியத்துக்கு 8ஐ ஒட்டிய இடம் நல்லது, துத்தநாகத்துக்கு 9ஐ ஒட்டிய இடம், காரம் கூடினால் இரண்டும் திரும்பக் கரையத் தொடங்கும். எல்லா உலோகத்துக்கும் ஒரே தொட்டி, ஒரே பி.எச். என்று நடத்தும் இடத்தில் ஏதாவது ஒன்று தப்பியே தீரும். எது தப்பும் என்பதைக் கருவி வாங்காமலே, ஒரு தாளில் கணக்கிட்டுச் சொல்லலாம்.

இந்தக் கணக்குக்குள் அடங்காமல் தப்புபவையும் உண்டு. உலோக முலாம் பூசும் பிளேட்டிங் தொட்டியில் அம்மோனியா, சயனைடு, இ.டி.டி.ஏ. போன்றவை உலோகத்தைச் சுற்றிப் பிடித்து அணைவுச் சேர்மமாக வைத்திருக்கும். அப்படிப் பிடிபட்ட செம்பும் நிக்கலும் எவ்வளவு காரம் போட்டாலும் ஹைட்ராக்சைடாக விழாது; சல்பைடு போன்ற வலுவான வீழ்படிவாக்கியோ அணைவை உடைக்கும் முறையோ வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியத்தின் கதை வேறு. அது நேர்மின் அயனியாகவே இருப்பதில்லை. குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக, எந்த பி.எச்.சிலும் ஹைட்ராக்சைடாகப் படியாமல் நீரோடு போகும். முதலில் பி.எச். 2 முதல் 3 வரை அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட்டு போட்டு மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்கி, அதன் பிறகே காரம் சேர்க்க வேண்டும். விதிகள் மொத்தக் குரோமியத்துக்கு 2 மில்லிகிராமும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 0.1 மில்லிகிராமும் என்று இருபது மடங்கு வேறுபாடு வைத்திருப்பதற்கு நச்சுத்தன்மையோடு இந்த அலைச்சல் குணமும் காரணம். கருவி சாதாரணமாகத் தருவது மொத்தக் குரோமியத்தின் எண். வடிவத்தைப் பிரித்துக் காட்டத் தனி ஏற்பாடு வேண்டும். அமிலக் கரைசலில் டைஃபினைல்கார்பசைடு சேர்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மட்டும் செவ்வூதா நிறம் தரும். 540 நானோமீட்டரில் அந்த நிறத்தை அளந்தால் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் வரை பிடிக்கலாம். பழைய நிறச் சோதனையின் வழி வந்த இம்முறை இன்றும் ஆய்வகங்களின் அன்றாட முறை. ஈரமுறை வேதியியல் செத்துவிட்டது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பல ஆலைகள் இன்று கழிவுநீரை வெளியே விடுவதே இல்லை. ஆவியாக்கி, மறுபயன்பாடு செய்து, துளி நீர் வெளியேறாத முறையில் இயங்குகின்றன. பிறகு ஏரிக்கு எப்படி உலோகம் வரும்? கேள்வி நியாயமானது. ஆனால் உலோகம் ஆவியாவதில்லை. நீர் வெளியேறாத ஆலையில் நுழைந்த நிக்கல் ஒவ்வொரு கிராமும் பொருளின் மேல் பூச்சாகப் போகிறது, அல்லது கசடாகவும் உப்பாகவும் மூட்டையில் போகிறது. கேள்வி நீரிலிருந்து திடப்பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது. அந்த மூட்டை கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான நிலநிரப்புக் களத்துக்கு முறையாகப் போய்ச் சேர்ந்தால் நல்லது. வழியில் எங்காவது ஒரு காலி மனையில் இறங்கினால், மழைநீர் எவ்வளவு உலோகத்தைக் கரைத்து எடுக்கும் என்பதே ஆபத்தின் அளவு. அதை அறிய, கசடை அதன் எடையைப் போல இருபது மடங்கு அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வந்ததை அளக்கும் டி.சி.எல்.பி. சோதனையை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் ஏற்கின்றன. இச்சோதனை நகரக் குப்பைமேட்டின் அமிலச் சூழலை மனத்தில் வைத்து அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. குரோமேட், ஆர்சனேட் போன்ற எதிர்மின் அயனிகள் காரநிலையில்தான் துகள்களிலிருந்து எளிதாக விடுபடும் என்பதால், எல்லாக் கசடுக்கும் இந்த ஒரே அளவுகோல் போதாது.

போதாது என்பதற்கு ராணிப்பேட்டைக்குப் போனால் சான்று கிடைக்கும். அரசுக் கூட்டுடைமையாகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வளாகத்திலேயே விட்டுச் சென்றது. குரோமைட் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்து, நீரில் கரையும் சோடியம் குரோமேட்டைப் பிரித்த பின் மிஞ்சும் காரக் கசடு அது. எளிதில் கரைவதெல்லாம் எடுக்கப்பட்டுவிட்ட கழிவு என்று அதைக் காகிதத்தில் சொல்லிவிடலாம். மெதுவாகக் கரையும் கால்சியம் குரோமேட் அதற்குள் தங்கியிருந்தது. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே எடுத்தது, மஞ்சள் நீராக நிலத்தடியில் இறங்கியது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்தும் நிற்காத கசிவு இது. மெதுவாகக் கரைவது பாதுகாப்பு என்று நினைத்தோம். அதே மெதுவான கரைதல்தான் மாசை ஒரு தலைமுறைக்கு நீட்டித்தது. அதே நிலத்தில் தோல் தொழிலின் மூன்று இணைதிறன் குரோமியமும் உண்டு. அது பெரும்பாலும் கசடில் தங்கும். ஒரே தனிமம், இரண்டு கரைதிறன். ஒரே மொத்த எண்ணால் இரண்டையும் விவரிக்க முடியாது.

இனி ஏரிச் சேற்றுக்கு வருவோம். நீரில் வந்து சேரும் உலோகம் நீரிலேயே வெகுகாலம் தங்குவதில்லை. செம்பரம்பாக்கத்தின் நீர் போன்ற, சற்றே காரத்தன்மையும் கார்பனேட்டும் உள்ள ஏரிநீரில் ஈயமும் செம்பும் துகளில் ஒட்டும், கார்பனேட்டாகப் படியும், இரும்பு மாங்கனீஸ் ஆக்சைடுகளின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும். எனவே ஒரு நாள் எடுத்த ஒரு பாட்டில் நீர், அந்த நாளின் செய்தியை மட்டும் சொல்லும். சேறு பல ஆண்டுக் கணக்கை வைத்திருக்கும். சேற்றில் உள்ள உலோகம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்று அறிய 1979இல் டெசியரும் கேம்பெல்லும் பிஸ்ஸனும் கனடாவிலிருந்து ஒரு முறையை முன்வைத்தார்கள். முதலில் மக்னீசியம் குளோரைடு கரைசல்: மேலோட்டமாக ஒட்டியிருப்பது வரும். அடுத்து பி.எச். 5இல் சோடியம் அசெட்டேட்டு: கார்பனேட்டில் இருந்தது வரும். பிறகு ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு: இரும்பு மாங்கனீஸ் ஆக்சைடுகளைக் கரைத்து அவை பிடித்திருந்ததை விடுவிக்கும். பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடும் நைட்ரிக் அமிலமும்: கரிமப் பொருளிலும் சல்பைடிலும் கட்டுண்டது. கடைசியாக ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்தான் உடைக்கும் கனிமப் படிகத்துக்குள் இருப்பது. இதைப் படிக்கும் எவருக்கும் உப்புப் பகுப்பாய்வின் ஆறு தொகுதிகள் நினைவுக்கு வர வேண்டும். அங்கே படிப்படியாக வீழ்படிவாக்கினோம். இங்கே படிப்படியாகக் கரைக்கிறோம். தேடும் திசைதான் தலைகீழ். கரையாத உப்புகளை விலக்கிய பாடத்திட்டத்துக்குத் தெரியாமல், அந்த விலக்கப்பட்ட உப்புகளுக்கென்றே ஒரு தொகுதி முறை எழுந்திருக்கிறது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பதில் நேர்மை இல்லை. எந்தக் கரைப்பானும் ஒரு பின்னத்தை, அதாவது ஒரு படிக்குரிய பங்கை, மட்டும் தூய்மையாகக் கரைப்பதில்லை. முதற்படியில் விடுபட்ட ஈயம் அடுத்த கணமே வேறொரு துகளில் ஒட்டிக்கொள்ளலாம். வெவ்வேறு ஆய்வகம் வெவ்வேறு விடை தரலாம். ஐரோப்பியர்கள் இதை எளிமையாக்கி, மூன்று படிகளோடும் ஒப்பீட்டுக்கான சான்றளிக்கப்பட்ட மாதிரியோடும் பி.சி.ஆர். முறையாக மாற்றியது இதனால்தான். இருந்தும், முதல் தொகுதியில் தப்பும் ஈயத்தை இரண்டாம் தொகுதியில் பிடிக்கத் தெரிந்த ஆய்வாளருக்கு இந்தக் குறை புதிதல்ல. தவிர, இம்முறை ஆலைகளின் பக்கமும் நியாயம் பேசும். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம் என்று நிலவியலாளர் பெயரிட்டது, தாவரப் புதைபடிவங்கள் கொண்ட களிப்பாறை அடுக்கு. சராசரிக் களிப்பாறையில் கிலோவுக்குக் குரோமியம் 90 மில்லிகிராமும் நிக்கல் 68 மில்லிகிராமும் இயற்கையாகவே இருக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்த்து ‘சேற்றில் குரோமியம்’ என்று கூக்குரலிடுவது எளிது. கடைசிப் படியில் மட்டும் வரும் குரோமியம் பாறையின் சொத்து. முதல் இரண்டு படிகளில் வரும் நிக்கலுக்கு மனிதக் கை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கரையாமல் சேற்றில் கிடப்பது கிடந்துவிட்டுப் போகட்டுமே என்ற மூன்றாவது மறுப்புக்கு ஏரியே பதில் சொல்கிறது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு படுகை வெடித்துக் கிடந்தது. நீருக்கு அடியில் காற்றில்லாமல் கறுத்துக் கிடந்த சல்பைடுகள் காற்றுப் பட்டதும் சல்பேட்டாக மாறும். செம்புச் சல்பைடு எந்த நீருக்கும் அசையாது, செம்புச் சல்பேட்டு நீரைக் கண்டதும் கரையும். மழை வந்து ஏரி மீண்டும் நிரம்பி, அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் எதிர்மாற்றம் தொடங்கும்: மூன்று இணைதிறன் இரும்பு இரண்டு இணைதிறனாக இறங்கிக் கரையும், அதன் மேல் பற்றியிருந்த ஆர்சனிக் போன்றவை நீருக்கு வரும். மாங்கனீஸ் ஆக்சைடு உள்ள மண்ணில் மூன்று இணைதிறன் குரோமியத்தின் ஒரு சிறு பங்கு ஆறு இணைதிறனாக ஏறக்கூடும் என்று பார்ட்லெட்டும் ஜேம்ஸும் 1979இல் காட்டினார்கள். நிரம்புவதும் வறள்வதுமாக இருக்கும் தமிழ்நாட்டு ஏரிக்கு, ஆண்டெல்லாம் நிறைந்திருக்கும் ஐரோப்பிய ஏரியின் அமைதி கிடையாது. அதனால் இங்கே கரையாமை என்பது பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம். சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்கும் அலுமினிய உப்பு ஹைட்ராக்சைடாக விழும்போது மிதக்கும் துகளையும் அதில் ஒட்டிய உலோகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். உண்மையாகவே கரைந்து நிற்கும் நிக்கலையும் குரோமேட்டையும் பிடிப்பதில் அது அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டாது. ஏரிப் படுகையின் வேதியியல் மாறும் வாரங்களில்தான் நிலையத்துக்கு வரும் நீரை நெருக்கமாகச் சோதிக்க வேண்டும்.

செலவு என்பது கடைசி மறுப்பு. ஒரு சேற்று மாதிரிக்கு ஐந்து படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி அளவீடு என்றால் செலவு ஐந்து மடங்காகும். ஆனால் நீரைப் போலச் சேற்றை வாரந்தோறும் சோதிக்கத் தேவையில்லை. உபரிநீர் வாய்க்கால்கள் நுழையும் இடங்களிலும், மதகை ஒட்டிய ஆழத்திலும், ஒப்பீட்டுக்காகத் தொழிற்சாலைக்கு மேற்புறமுள்ள ஓர் ஊர் ஏரியிலும் சில குழாய்களை இறக்கி, செங்குத்தாகச் சேற்றை எடுத்து, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிப் பார்த்தால் போதும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். 22 ஆண்டு அரைவாழ்வு கொண்ட ஈயம்-210இன் அளவைக் கொண்டு ஒவ்வொரு அடுக்கின் வயதையும் மதிப்பிடலாம் என்பதால், தொழிற்பட்டைக்கு முந்தைய அடுக்கில் நிக்கலும் துத்தநாகமும் எந்தப் பின்னத்தில் எவ்வளவு இருந்தன என்று தெரிந்துகொள்ள முடியும். அதற்கு மேல் படிந்த அடுக்குகளை அதனோடு ஒப்பிட்டால் கேள்விக்கு எண்ணாலேயே விடை வரும். வறட்சியும் வெடிப்பும் சில இடங்களில் அடுக்குகளைக் குலைத்திருக்கும்; குலையாத இடத்தைத் தேட வேண்டியிருக்கும். அதைவிட அவசரமான தடை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஏரிகளைத் தூர் வாருவதும், வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துப்போக அரசு அனுமதிப்பதும் நடைமுறை. வயலுக்குப் போகும் வண்டலில் முதற்பின்னத்து உலோகம் உள்ளதா என்று பார்ப்பதற்கும், பழைய அடுக்கு அள்ளப்படுவதற்கு முன் அதன் மாதிரியை எடுத்து வைப்பதற்கும் உகந்த நேரம் பொக்லைன் கரையில் இறங்குவதற்கு முந்தைய வாரங்கள்தான்.